காரமான சிக்கன் விங்ஸ்: பஃபலோ, கொரியா, நாஷ்வில் மூன்றில் எதைப் பொரிப்பது?

விங்ஸ் வாங்கியாயிற்று, எண்ணெயும் இருக்கிறது. எந்த முறையில் பொரிப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். காரமான விங்ஸ் என்று தேடினால் மூன்று பாணிகள் திரும்பத் திரும்ப வரும்: அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரத்தின் பாணி, தென்கொரியாவின் யாங்னியோம் பாணி (சிவப்புப் பாகில் பிரட்டியது), டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் பாணி. "எது அதிகக் காரம்?" என்று மட்டும் கேட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். காரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எந்தப் பாணியிலும் நம் கையில் இருக்கிறது. மிளகாய் எதில் கலந்து இறைச்சியின் மேல் ஏறுகிறது என்பதுதான் பாணிக்குப் பாணி மாறுவது.

மூன்றிலும் முக்கியமான காரம் பொரிக்கும் எண்ணெய்க்குள் இறங்குவதே இல்லை. 170, 180 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் கிடந்தால் மிளகாய்த் தூள் கருகிக் கசந்துவிடும். அதனால் பொரித்து எடுத்த பிறகுதான் காரம் சேர்கிறது. பஃபலோவில் அது வினிகரும் வெண்ணெயும் கலந்த சாஸில் வருகிறது, கொரியாவில் பாகில் வருகிறது, நாஷ்வில்லில் சுடு எண்ணெயில் வருகிறது. மொறுமொறுப்பு எவ்வளவு நேரம் நிற்கும், காரம் நாக்கில் எப்படிப் பரவும், மேல்மாவு வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, பொரித்ததற்கும் சாப்பிடுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகும் என்பது. இதைக் கேட்காமல் தேர்ந்தெடுப்பவர்கள்தான் நமத்துப்போன விங்ஸைப் பரிமாறுகிறார்கள். அடுப்படியிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகிறதா, விருந்தில் ஒரு மணி நேரம் மேசையில் கிடக்கப் போகிறதா, டப்பாவில் அடைத்து எடுத்துப்போகப் போகிறீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

இரண்டாவது, யார் சாப்பிடப் போகிறார்கள் என்பது. புளிப்புக் காரம், இனிப்புக் காரம், எரிக்கும் காரம் மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்குப் பிடிக்கும். மூன்றாவது, உழைப்பை எப்போது போட முடியும் என்பது: முந்தின நாளா, விருந்தினர் வந்த பிறகா? நான்காவது, பொரித்த பிறகு மிஞ்சும் எண்ணெயின் கதி. செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த நான்காவதைப் பேசுவதில்லை.

| | பஃபலோ | கொரியா | நாஷ்வில் |
|---|---|---|---|
| காரம் எதில் வருகிறது | வினிகர், வெண்ணெய் | கோச்சுஜாங் (கொரியாவின் புளித்த மிளகாய் விழுது), பாகு | சுடு எண்ணெய் |
| மேல்பூச்சு | ஒன்றுமில்லை | உருளைக்கிழங்கு ஸ்டார்ச் | மைதா, மோர் |
| பொரிப்பது | ஒருமுறை, 185 டிகிரி, 10 முதல் 12 நிமிடம் | இருமுறை, 160 டிகிரியில் 8 நிமிடம், 190 டிகிரியில் 2 முதல் 3 நிமிடம் | ஒருமுறை, 165 முதல் 170 டிகிரி, 12 முதல் 14 நிமிடம் |
| மொறுமொறுப்பு | பத்து நிமிடத்தில் தளரும் | ஒரு மணி நேரம் அளவில் நிற்கும் | அரை மணி நேரம் தாண்டியும் நிற்கும் |
| காரத்தின் போக்கு | சுரீரென்று ஏறிச் சீக்கிரம் இறங்கும் | இனிப்புக்குப் பின்னால் மெல்ல வரும் | ஏறிக்கொண்டே போகும் |
| எண்ணெய் | சுத்தமாக மிஞ்சும் | நுண்ணிய வண்டல் | அடியில் கருகிய மாவு |
| துணைக்கு | ப்ளூ சீஸ், செலரி | ஊறிய முள்ளங்கி | வெள்ளை பிரெட், ஊறுகாய் வெள்ளரி |

## எந்தப் பாணிக்கும் முதலில் செய்ய வேண்டியது

ஒரு கிலோவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு முழு இறக்கைகள் வரும். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள்: சின்னக் கால் போலத் தோன்றும் தோள் துண்டு, இரண்டு எலும்பு ஓடும் நடுத்துண்டு, சதையே இல்லாத நுனி. இரண்டு மூட்டுகளையும் விரலால் மடக்கிப் பார்த்துப் பள்ளம் இருக்கும் இடத்தில் கத்தியை வைத்தால் எலும்பில் இடிக்காமல் வெட்டுப்படும். நுனியை எறிந்துவிட வேண்டாம். அதில் தோலும் பசைத் திசுவும் நிறைய இருப்பதால் சூப்புக்கு நல்ல கெட்டி கொடுக்கும்.

துண்டுகளைக் காகிதத் துணியால் நன்றாக ஒற்றி, கிலோவுக்கு 12 கிராம் தூளுப்பு பிசிறி, கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நான்கு மணி நேரம் போதும், ஓர் இரவு என்றால் இன்னும் நல்லது. உப்பு உள்ளே இறங்கும், தோல் வறண்டு இறுகும். ஈரத் தோலை எண்ணெயில் போட்டால் முதல் சில நிமிடங்கள் அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும். தோல் சிவப்பதற்குள் உள்ளே சதை வறண்டுவிடும். பச்சைக் கோழி என்பதால் மேல்தட்டில் வைத்து நீர் கீழே சொட்டவிடக் கூடாது.

சதைக்குள் வெப்பம் 74 டிகிரியை எட்டினால் கோழி பாதுகாப்பாக வெந்துவிடும். ஆனால் விங்ஸை அங்கேயே நிறுத்தினால் எலும்போரம் இழுவையாக இருக்கும். 80 முதல் 85 டிகிரி வரை போனால்தான் மூட்டைச் சுற்றியுள்ள திசு இளகி, சதை எலும்பிலிருந்து வழுகிவரும். நெஞ்சுக்கறியில் இது தவறு, இறக்கையில் இதுதான் சரியான பதம். எலும்பருகே தெரியும் சிவப்பைப் பார்த்துப் பலர் வேகவில்லை என்று மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். இளங்கோழியின் எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறம் அது; வெப்பமானி சொல்வதை நம்புங்கள்.

எண்ணெய் பாத்திரத்தின் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றரை லிட்டருக்கு ஒரு ஈட்டில் ஏழெட்டுத் துண்டுகள்தான். அதற்கு மேல் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, பொரிவதற்குப் பதிலாக எண்ணெயில் வேகும்.

## பஃபலோ

சூப்புக்குப் போய்க்கொண்டிருந்த இறக்கையைத் தனித் தின்பண்டமாக்கிய பெருமை பஃபலோ நகரத்துக்கு. 1964இல் ஆங்கர் பார் உணவகத்தில் தெரசா பெல்லிசிமோ முதன்முதலில் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே நகரத்தில் அதே பத்தாண்டில் ஜான் யங் என்ற கறுப்பின சமையற்காரர், வெட்டாத முழு இறக்கையை மாவில் தோய்த்துப் பொரித்து, இனிப்பும் புளிப்பும் கலந்த மம்போ சாஸில் பிரட்டி விற்றார். அவர் பெயர் நெடுங்காலம் பேசப்படாமல் கிடந்தது. விங்ஸ் பற்றிப் பேசும்போது இருவரையும் சொல்வதே நியாயம். 1977 ஜூலை 29ஐ நகர நிர்வாகம் சிக்கன் விங் தினமாக அறிவித்தது. இன்று சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடக்கும் வார இறுதியில் மட்டும் அமெரிக்கர்கள் நூறு கோடிக்கும் மேற்பட்ட இறக்கைகளைத் தின்கிறார்கள் என்று அந்நாட்டுக் கோழித் தொழில்துறை மதிப்பிடுகிறது. ஒரு காலத்தில் மலிவாகக் கிடந்த இறக்கை, எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மொத்த விலையில் மிஞ்சிய காலங்களும் உண்டு.

செய்முறை மூன்றிலும் எளியது. மாவு கிடையாது. உலர்ந்த துண்டுகளை 185 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், தோல் ஆழ்ந்த பொன்னிறமாகும்வரை பொரிக்க வேண்டும். ஒரு கிலோவுக்கான சாஸ்: கேயென் மிளகாயும் வினிகரும் சேர்ந்த பாட்டில் சாஸ் 120 மி.லி. (ஃபிராங்க்ஸ் ரெட்ஹாட் என்பதே இந்தப் பாணியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்), உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம். சாஸை மெல்லிய தீயில் சூடாக்கி, வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக் கலக்கவும். கொதிக்க விட்டால் திரிந்து, மேலே நெய்யும் கீழே சிவப்புத் தண்ணீருமாகப் பிரியும். அப்படிப் பிரிந்தால் அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெய் சேர்த்து வேகமாக அடித்தால் பெரும்பாலும் கூடிவரும். பிறகு அகலமான கிண்ணத்தில் விங்ஸைப் போட்டு, மேலே ஊற்றிக் குலுக்கவும். சூடான வாணலியில் பிரட்டினால் வினிகரும் மிளகாயும் சேர்ந்து எழும் நெடி வீட்டையே இருமவைக்கும்.

காரம் போதவில்லை என்று பாட்டில் சாஸை இன்னும் ஊற்றுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் ஏறுவது புளிப்புதான். அந்தச் சாஸ் அப்படியொன்றும் காரமானது இல்லை. அரை முதல் இரண்டு தேக்கரண்டி கேயென் தூளை உருகும் வெண்ணெயில் கலந்துகொள்ளுங்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது; ஆகவே வெண்ணெய் வழியாகப் போகும் காரம் சீராகப் பரவும்.

இந்தப் பாணியின் பலவீனம் நேரம். சாஸில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிரட்டிய கணத்திலிருந்தே தோல் அதைக் குடிக்கத் தொடங்கும். பத்து நிமிடத்துக்குள் சாப்பிட ஆட்கள் மேசையில் உட்கார்ந்திருந்தால் இதற்கு ஈடு இணை கிடையாது: மெல்லிய தோல், புளிப்பு, வெண்ணெய் மணம், கோழியின் சுவை மறைவதே இல்லை. விருந்தினர் ஒவ்வொருவராக வரும் வீட்டில் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டாயம் இதுதான் வேண்டுமென்றால் பொரித்ததைச் சூடான ஓவனில் கம்பித் தட்டில் வைத்திருந்து, ஆள் வர வர நாலைந்து துண்டாகப் பிரட்டிக் கொடுக்கலாம்.

எண்ணெய்க் குளியலே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தப் பாணிதான் வளைந்து கொடுக்கும். கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரையும் பாதி அளவு உப்பையும் பிசிறி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் உலர்த்தி, 220 டிகிரி ஓவனில் கம்பித் தட்டில் 40 முதல் 50 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி வையுங்கள். பேக்கிங் பவுடர் தோலின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் சிவப்பது வேகமாகும், மேலே நுண்ணிய கொப்புளங்களும் எழும். சோடா உப்பைப் போட்டுவிட்டால் சோப்பு வாடை வந்துவிடும். டப்பாவின் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு பாணிகளையும் ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ முயல வேண்டாம். ஆழ்ந்த எண்ணெய் நனைக்காத மாவு வெள்ளைத் திட்டுகளாகவே நின்றுவிடும்.

## கொரியா

கொரியாவில் பொரித்த கோழி தனி உலகம். 1977இல் சியோலில் லிம்ஸ் சிக்கன் கடை திறந்தபோது துண்டுபோட்டுப் பொரித்த கோழி வியாபாரம் வேரூன்றியது. சிவப்புப் பாகில் பிரட்டும் யாங்னியோம் சிக்கனை உருவாக்கியவராக டேகு நகரத்தின் யூன் ஜோங் கியே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். கோழியையும் பீரையும் சேர்த்துச் சாப்பிடும் வழக்கத்துக்கு சிமேக் என்று பெயர். அதற்காகவே டேகுவில் 2013 முதல் விழா நடக்கிறது. வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுவது அங்கே பெருவழக்கம். டப்பாவில் அரை மணி நேரம் பயணம் செய்தும் மொறுமொறுப்பு குறையாத கோழி அங்கே தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு இந்தச் செய்முறை கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு கிலோவுக்கு 120 கிராம் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இரண்டையும் கலந்து, துண்டுகளில் அழுத்திப் பிசிறி, பதினைந்து நிமிடம் விடவும். வெள்ளைத் தூள் ஈரம் வாங்கிச் சற்றே கண்ணாடி நிறமாக மாறியபின் பொரித்தால் எண்ணெயில் உதிராது. சோள மாவிலும் (கார்ன்ஃப்ளார்) செய்யலாம், ஆனால் ஓடு கொஞ்சம் தடிப்பாகவும் மணல் போலவும் இருக்கும். மைதாவில் உள்ள பசைப்புரதம் ஸ்டார்ச்சில் கிடையாது. ஆகவே ஓடு மெல்லியதாக, கடித்தால் நொறுங்கும்படி அமைகிறது.

முதல் பொரிப்பு 160 டிகிரியில் எட்டு நிமிடம். இதில் இறைச்சி வெந்துவிடும், நிறம் வெளிறியே இருக்கும். எடுத்துக் கம்பித் தட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆற விடுங்கள். இந்த இடைவெளியில் உள்ளே உள்ள ஈரம் வெளியே ஓட்டுக்கு வந்து சேரும். இரண்டாவது பொரிப்பு 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். வெளியே வந்த அந்த ஈரத்தை விரட்டுவதுதான் இதன் வேலை. அவசரப்பட்டு இடைவெளியைத் தவிர்த்தால் இரண்டுமுறை பொரித்ததில் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

பாகுக்கு: கோச்சுஜாங் மூன்று மேசைக்கரண்டி, தக்காளி கெட்சப் இரண்டு, சோளப் பாகு அல்லது தேன் மூன்று, சோயா சாஸ் ஒன்று, நசுக்கிய பூண்டு ஒன்று, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. காரம் தூக்கலாக வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி கொரிய மிளகாய்த் தூள். நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் கொதித்து, குமிழிகள் கனத்து, கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும்போது அணைக்கவும். இந்தப் பதம்தான் எல்லாம். நீர்த்திருந்தால் ஓடு ஊறும். அதிகம் இறுகினால் ஆறியதும் பல்லில் ஒட்டும் மிட்டாயாகிவிடும். சரியான பதத்தில் சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஓட்டுக்குள் ஈரம் இறங்குவதில்லை. ஒரு மணி நேரம் மொறுமொறுப்பு நிற்பதன் காரணம் இதுதான்.

விருந்து நடத்துபவர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. முதல் பொரிப்பை முந்தின நாளே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் இரண்டாவது பொரிப்பை நான்கு நிமிடமாக நீட்டினால், உள்ளே சூடேறி வெளியே மொறுமொறுப்பாகிவிடும். பாகையும் முன்கூட்டியே காய்ச்சி வைக்கலாம். இருபது பேர் வந்தாலும் அன்றைக்கு அடுப்படி வேலை ஈட்டுக்கு நான்கு நிமிடம்தான். வேறு எந்தப் பாணியிலும் வேலையை இவ்வளவு பிரித்துப் போட முடியாது.

மறைமுகச் செலவும் உண்டு. பொருள் பட்டியல் நீளமானது. கோச்சுஜாங் இல்லாமல் வேறு மிளகாய் விழுதை வைத்துச் செய்தால் அந்தப் புளித்த ஆழம் வராது. கோச்சுஜாங்கில் சோயாவும், பலவகைகளில் கோதுமையும் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு சீக்கிரம் திகட்டும். அதனால்தான் அங்கே முள்ளங்கி ஊறுகாய் இல்லாமல் இதைப் பரிமாறுவதில்லை: 300 கிராம் வெள்ளை முள்ளங்கியைச் சிறு கட்டங்களாக நறுக்கி, வினிகர் 100 மி.லி., தண்ணீர் 100 மி.லி., சர்க்கரை 80 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி கலந்த நீரில் ஒரு நாள் ஊற வைத்தால் போதும்.

## நாஷ்வில்

1930களில் தார்ன்டன் பிரின்ஸ் என்பவர் இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்ப, கோபத்தில் இருந்த காதலி அவர் கோழியில் மிளகாயை அள்ளிக் கொட்டினாள் என்றும், அவருக்கு அது பிடித்துப்போய்க் கடையே திறந்துவிட்டார் என்றும் கதை. பிரின்ஸ் குடும்பத்தின் கடை இன்றும் நடக்கிறது. பல பத்தாண்டுகள் நாஷ்வில்லின் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குள்ளேயே இருந்த உணவு இது. நகரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படுவது அண்மைக் காலத்தில்தான்.

இது விங்ஸுக்காகப் பிறந்த பாணி அல்ல. காலும் நெஞ்சும்தான் இதன் இயல்பான துண்டுகள். தடித்த மாவு ஓடு சின்ன நடுத்துண்டில் ஏறினால் வாயில் மாவுதான் தெரியும். ஆகவே நாஷ்வில் பாணி என்றால் இறக்கையை வெட்டாமல் முழுதாகவே பொரியுங்கள், மாவையும் ஒருமுறைக்கு மேல் ஏற்றாதீர்கள். புளித்த மோர் 300 மி.லி., முட்டை ஒன்று கலந்து அதில் தோய்த்து, 250 கிராம் மைதா, 50 கிராம் சோள மாவு, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத் தூள் கலவையில் புரட்டி, கால் மணி நேரம் கம்பித் தட்டில் வைக்கவும். உடனே பொரித்தால் மாவு உரிந்து எண்ணெயில் மிதக்கும்.

காரப் பூச்சுக்கு கேயென் தூள் மூன்று மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒன்று, பூண்டுத் தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு அரை. இதன்மேல் பொரித்த எண்ணெயிலிருந்தே 120 மி.லி. எடுத்து ஊற்ற வேண்டும். ஆனால் வாணலியிலிருந்து நேராக ஊற்றக் கூடாது. 120 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு ஊற்றினால் மிளகாய் மணக்கும், 170இல் ஊற்றினால் கருகிக் கசக்கும். கலந்ததைத் தூரிகையால் தடவவும்.

பூச்சில் தண்ணீரே கிடையாது, அதனால் ஓடு ஊறாது. ஆனால் அதே எண்ணெய் நாக்கில் படிந்து நிற்பதால் காரம் இறங்க வெகுநேரமாகும். தண்ணீர் குடித்துப் பயனில்லை, பாலோ தயிரோ கேட்கும். ஒவ்வொரு துண்டாகத் தடவுவதால் ஒரே வாணலியில் குழந்தைக்கு வெறும் பொரித்த கோழியும் பெரியவர்களுக்கு எரிக்கும் கோழியும் எடுக்கலாம் என்பது இதன் சிறப்பு.

## எண்ணெயின் கணக்கு

பஃபலோ பாணியில் மாவு கலக்காததால் எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி மூன்று நான்கு முறை பயன்படுத்தலாம். கொரியப் பாணியில் ஸ்டார்ச் நுண்ணிய வண்டலாக அடியில் தங்கும். மெல்லிய துணியில் வடித்தால் இரண்டு மூன்று முறை வரும். நாஷ்வில்லில் உதிர்ந்த மைதா ஒவ்வொரு ஈட்டிலும் கொஞ்சம் கருகி, மூன்றாவது ஈட்டுக்குள் எண்ணெயே கறுத்துக் கசப்பு ஏறிவிடும். ஈட்டுக்கு ஈடு சல்லடைக் கரண்டியால் துகள்களை எடுத்துவிடுங்கள். அப்படியும் ஒருமுறைக்கு மேல் அந்த எண்ணெயை நம்ப முடியாது. ஓடும் அதிக எண்ணெயைக் குடிக்கும், பூச்சுக்கும் எண்ணெய் போகும். பொருள்கள் மலிவாகத் தோன்றினாலும் மொத்தக் கணக்கில் இதுதான் அதிகம் தின்னும்.

## யாருக்கு எது?

முதல்முறை செய்பவர், நாலு பேர், சுடச்சுடச் சாப்பிடத் தயார் என்றால் பஃபலோ. கூட்டம் பெரிது, நேரம் நிச்சயமில்லை, எடுத்துப்போக வேண்டும், குழந்தைகளும் உண்டு என்றால் தயங்காமல் கொரியப் பாணி. மூன்றில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறவருக்கும் இதையே சொல்ல வேண்டும். காரத்துக்காகவே உட்காரும் சின்னக் கூட்டத்துக்கு நாஷ்வில், அதுவும் முழு இறக்கையில்.

இரண்டைக் கலந்து செய்யலாமா என்றால், ஓட்டையும் பூச்சையும் மாற்றிப் போடும்போது தண்ணீரைக் கவனியுங்கள். ஸ்டார்ச் ஓட்டில் நாஷ்வில் எண்ணெயைத் தடவலாம், அருமையாகவே இருக்கும். தடித்த மைதா ஓட்டில் பஃபலோ சாஸை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் ஊறிய ரொட்டிபோல் ஆகி உரிந்து விழும். மாவில்லாத தோலில் கொரியப் பாகு பிடிக்காமல் வழிந்து தட்டில் தேங்கும்.

மிஞ்சியதைச் சூடாக்கும் முறையும் மாறும். மாவு ஓடுள்ள இரண்டையும் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். 180 டிகிரி ஓவனில் கம்பித் தட்டில் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். கொரியப் பாகு ஓரத்தில் கருகத் தொடங்கினால் 160க்கு இறக்குங்கள். பஃபலோ விங்ஸின் தோலை மீட்க முடியாது. சதையை எலும்பிலிருந்து உரித்து, மிச்சச் சாஸோடு வாணலியில் சூடாக்கி, ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும்.